உப்புக் குப்பி

முத்தியால்பேட்டை, இரவு பதினொன்றரை.
பதினேழு வயதுக்குட்பட்ட இந்தியா
மூன்றுக்குச் சைபர் தோற்றாகிவிட்டது.

பரோட்டாக் கடை மேசையில்
தேசிங்கு அணியை நிறுத்துகிறான்:
சால்னாக் கிண்ணம் கோலி,
அதற்கு முன்னால் மூணு டம்ளர்,
இடது ஓரம் உப்புக் குப்பி.

"இவனை ஏன்யா மேல ஏத்துனான் கோச்சு?"
"பத்து நாள் முகாம்ல வேறென்ன பழக்குவான்?"
"எங்க காலத்துல..."
"அப்பவும் தோத்தோம், முசே."

இடையில் கடைப்பையன்
ஆம்லெட்டுக்கு என்று குப்பியைத் தூக்கிப்போனான்.
மிஞ்சிய ஈர வட்டத்தில்
விரலை ஊன்றினான் தேசிங்கு:
"இதே ஓட்டை. மூணும் இது வழியாத்தான்."

ஜெர்சிக்குள் முகம் புதைத்து
அந்தப் பிள்ளை நின்றதை
யாரும் எடுக்கவில்லை.

குப்பி திரும்பி வந்தது.
லூர்துநாதன் துண்டால் துடைத்து
அதே இடத்தில் வைத்தார்.

"சனிக்கிழமையும் இவன்தான் இறங்கணும்."