சின்னையா, எண்ணைச் சொல்

கோலா கெட்டில் பேருந்து நிலையத்தில் இறங்கியபோது
அந்த நீல உடுப்பு பெட்டிக்குள் இருந்தது.
எனக்குக் கால் ஒரு சாண் நீளம்,
மடித்து ஊக்கு குத்தியிருந்தேன்.
நெஞ்சுப் பட்டையில் என் பெயர் இல்லை.
பாரத்தில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில்
அப்பாவின் பெயரை எழுதிவிட்டேன்.
ஒரு வாரம் முழுக்க
பதினேழு நாட்டு ஆசிரியர்களுக்கு நான்
சின்னையா.

அப்பா பட்டையைத் தடவிப் பார்த்தார்.
முப்பத்தொரு வருஷம் செம்பனைக் குலை வெட்டிய கை.
"என் பேர எதுக்குப் போட்டாங்க?
காசு கீசு கேட்டாங்களா?"

பள்ளியில் எல்லாரும் சுழல்நாற்காலியைத்தான் கேட்டார்கள்.
மூன்று வளையம், மூன்று திசை,
தலை எது கால் எது தெரியாது.
பாலிங் சாலையில் பழ லோரிக்குப் பின்னால்
பதினாலு வருஷம் மோட்டார் ஓட்டியவள்,
வாந்தியெல்லாம் எனக்கு வராது என்றேன்.
சிரித்தார்கள். மைலோ கலக்கினார்கள்.
தலைமையாசிரியர் சுவரில் மாட்ட ஒரு படம் கேட்டார்.

சொல்லாதது இது.

கடைசி நாள் ஒத்திகைப் பயணத்தில்
நான் விண்கலத்தில் இல்லை.
கீழே, கட்டுப்பாட்டு அறையில், நாலாவது மேசை.
ஒரே ஓர் எண்ணைப் பார்ப்பதுதான் வேலை:
மேலே இருக்கும் நால்வரின் உயிர்க்காற்று.

தொண்ணூற்றாறு. தொண்ணூறு.
எண்பத்தொன்று.
யாராவது சொல்வார்கள் என்றிருந்தேன்.
பக்கத்து மேசைக்காரர் என்னைவிட நன்றாக ஆங்கிலம் பேசுகிறவர்,
அவருக்கும் தெரியுமே.
சொல்லவேண்டிய வாக்கியத்தை மனசுக்குள் எழுதி
ஒருமுறை இலக்கணம் பார்த்தேன்.
அறுபத்திரண்டு.
காதுக்குள் ஒரு குரல்: "சின்னையா, எண்ணைச் சொல்."
சொன்னேன்.
நாற்பது வினாடி பிந்தி.

நால்வரும் இறந்துபோனார்கள்.
பிறகு கதவைத் திறந்துகொண்டு வந்து
பிஸ்கட் எடுத்துக்கொண்டார்கள்.
அதில் ஒருத்தி, பெரு நாட்டுக் கணக்கு டீச்சர்,
"செத்ததே தெரியவில்லை" என்று தோளைத் தட்டினாள்,
நல்ல மனசோடுதான்.
அன்றிரவு உடுப்பைக் கழற்றாமல் படுத்திருந்தேன்.

திங்கட்கிழமை.
பள்ளியில் மொத்தம் இருபத்தேழு பேர்.
என் வகுப்பில் ஐந்து.
"நெசமாவே மேல போனீங்களா டீச்சர்?"
"இல்ல. போற மாதிரி."
"அப்போ பொய்யா?"
"ஒத்திகை."
"அங்க ஒண்ணுக்கு எப்படிப் போவாங்க?"
அதற்கு மட்டும் முழுசாகப் பதில் சொன்னேன்.

பிறகு வருகைப் பதிவேடு.
தனேஸ்வரன்: சிவப்பு வட்டம், சிவப்பு வட்டம்,
பதினொரு சிவப்பு வட்டம்.
நான் விமானம் ஏறுவதற்கு முன்பே ஆறு.
என் கையாலேயே போட்டவை, வட்டம் கோணாமல்.
அலுவலகம் கேட்கும் என்றிருந்தேன்.

ஒன்றரை மணிக்கு மோட்டாரை எடுத்தேன்.
பதினெட்டாம் நம்பர் காட்டில் இருந்தான்,
அப்பனுக்குப் பின்னால் உதிரிப் பழம் பொறுக்கிக்கொண்டு.
கோணி அவன் இடுப்பு உயரம்.
"ரெண்டு வாரந்தான் டீச்சர்" என்றார் அவர்,
குலையை அண்ணாந்து பார்த்தபடி.
"லோரிக்காரன் மூட்டைக் கணக்குதான் பாக்குறான்."

"பன்னெண்டு நாள்" என்றேன்.
குரல் நினைத்ததைவிடச் சத்தமாக வந்தது.
"இன்னிக்கோட பன்னெண்டு."

வேறொன்றும் வரவில்லை,
வழியெல்லாம் யோசித்து வைத்த புத்திமதி உட்பட.
அவர் அரிவாள் கம்பைக் கீழே இறக்கினார்.
"அவ்வளவா?"
என்னை அல்ல, மகனைக் கேட்டார்.

அவன் என்னைக் கேட்டான்:
"அந்த நாக்காலியில தல சுத்தலையா டீச்சர்?"
"இல்லடா. ஒரே பக்கமா ரெண்டு தடவைக்கு மேல
அது சுத்தாது. அப்படித்தான் செஞ்சிருக்காங்க.
யாரு உக்காந்தாலும் வாந்தி வராது."
"யாரு உக்காந்தாலுமா?"
"யாரு உக்காந்தாலும்."

கோணியை ஒரு குலுக்குக் குலுக்கி
வாயைக் கட்ட ஆரம்பித்தான்.
இன்னும் பாதிதான் நிறைந்திருந்தது.