ஆறாம் கட்டையில்

நிலாவெளி வீதி, ஆறாம் கட்டை, யுத்த மயானம்.
புல்லுக்குத்தான் சம்பளம், கல்லுக்கில்லை
என்பார் மேற்பார்வை பெனடிக்ற்.
ஆனாலும் துடைப்பேன்.
காகம் எச்சமிட்டால் பெயர் தெரியாது,
பெயர் தெரியாவிட்டால்
எதுவரை வெட்டினேன் என்று எனக்கும் தெரியாது.

பின்வரிசையில் ஆப்பிரிக்காக்காரர்,
யாருடையவோ சண்டைக்குக் கப்பலேறிய பிள்ளைகள்.
பதினொரு வருடமாய் அவர்களை
என் வாய்க்கு வந்தபடி வைத்திருந்தேன்:
கியாலோ எனக்குக் கயல்.
கியோக்கோ கொக்கு.
வம்புவாவை வம்பன் என்றேன்.
ன்சியோகா... ஒற்றெழுத்தில் ஒரு பெயர் தொடங்குமா?
வேலியோரத்துத் தம்பி, அவ்வளவுதான்.

மாசியில், சீனக்குடா மாவாலைக்குக்
கோதுமை கொண்டுவந்த கப்பலிலிருந்து
ஒருவன் ஓட்டோவில் வந்திறங்கினான்.
முழங்கையில் கிரீஸ் காயவில்லை.
ஓட்டிவந்தது பாலையூற்று ஜெரமியஸ்.
அவன் சுருட்டைத் தலையைக் கண்டதும்
கப்பல்காரன் வழிநெடுகத் தன் பாஷையில் பேசியிருக்கிறான்.
"ஒண்டும் விளங்கேல்ல அக்கா.
கேட்டதுக்கெல்லாம் ஓம் ஓம் எண்டு வந்தனான்.
எங்கட ஆக்கள் கோட்டைக் காவலுக்கு வந்ததாம்,
எந்த ஊரிலயிருந்து எண்டு
ஒருத்தரும் எழுதி வைக்கேல்ல.
சொன்ன ஓமில ஒண்டாவது
உண்மையா இருக்கும்."

கப்பல்காரன் அழவில்லை. படம் எடுக்கவில்லை.
கல் கல்லாய்க் குந்தி வாசித்தான்.
எல்லாம் அவன் இனத்துப் பெயரில்லை.
தெரிந்த நாலைந்தை
கையாலும் உடைந்த இங்கிலீசாலும் சொன்னான்.
கியாலோ என்றால் பயணம்: தாய் வழியில் பெற்ற பிள்ளை.
கியோக்கோ விடியலில் பிறந்தவன்.
வம்புவா பிறக்கையில் மழை.
ன்சியோகா, திரும்பி வந்தவன்.
செத்துப்போன யாரோ இந்த உடம்பில் வந்திருக்கிறாரென்று
வீட்டார் கண்டுபிடித்து வைக்கிற பெயர்.

"திரும்பி வந்தவரோ" என்று சிரித்தார் பெனடிக்ற்.
பிறகு ஏனோ தொப்பியைக் கழற்றினார்.

ஊரில் என்றால் கள்ளின் முதல் வாய் தரைக்காம்.
மூக்கைத் தொட்டுக் காட்டி, பொடி இருக்கிறதா என்றான்.
மடியில் வெற்றிலைக்கு வைத்த
யாழ்ப்பாணப் புகையிலைத் துண்டு கிடந்தது.
கத்தி முனையால் நுணுக்கினோம்.
தலைமாட்டுக்கு ஒரு சிட்டிகை,
என் போத்தல் தண்ணீரில் ஒரு மிடறு.
பிறகு ஒவ்வொருவராய்ப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான்,
சத்தமாய், சோறு ஆறுதென்று கூப்பிடுகிற மாதிரி.

செத்தவன் அன்றைக்கே செத்துவிடுவதில்லையாம்.
அவன் பெயர் தெரிந்த கடைசி வாய் மூடும்வரை
வீட்டைச் சுற்றியே நிற்பானாம்,
பசியோடு, கொஞ்சம் கோபத்தோடு.
அதற்குப் பிறகுதான் பெயரில்லாத கூட்டத்தோடு
அத்திமரத்துக்குப் போவானாம்.

"நான் கயல் எண்டு கூப்பிட்டது
கணக்கில வருமோ, கேள்" என்றேன் ஜெரமியஸிடம்.
அவன் என்ன கேட்டானோ,
கப்பல்காரன் என்னைப் பார்த்து "ஓம்" என்றான்.
தமிழில்.
வழியில் பொறுக்கின ஒரே சொல்.

வியாழன் கப்பல் போய்விட்டது.
வாடை இன்னும் விழவில்லை.
பாய்மரக் காலத்தில்
இங்கிருந்து அந்தக் கரைக்குத் தள்ளின காற்று இதுதானாம்.

எனக்கும் ஒரு ஆள் உண்டு.
தொண்ணூறாம் ஆண்டு,
மூதூர் இறங்குதுறையில் விசாரிக்கக் கூட்டிப்போனது.
கல் இல்லை. திகதி இல்லை.
பிள்ளைகளின் அப்பா என்றேன்,
கச்சேரியில் எழுதிக் கொடுத்தேன்,
ஆணைக்குழுவில் எழுத்தைக் கூட்டிக் காட்டினேன்.
புருசன் பேரைப் பெண்சாதி
வாயால் சொன்னால் ஆயுள் குறையுமென்று வளர்த்தார்கள்.
எந்த ஆயுள், இனி.

இன்றைக்குப் பின்வரிசை முடிவில்,
ன்சியோகாவுக்கும் கம்பிவேலிக்கும் நடுவில்
மெசினை நிறுத்தினேன்.
புகையிலை ஒரு சிட்டிகை.
தண்ணீர் முடிந்திருந்தது, தேத்தண்ணீர் ஊற்றினேன்.
பெயரைச் சொன்னேன்.

நாக்குப் பழகியிருக்கவில்லை.
ன்சியோகாவைவிடக் கஷ்டமாய் இருந்தது.
மற்றத் தொங்கலிலிருந்து பெனடிக்ற் கத்தினார்,
மெசின் ஏன் நிண்டதெண்டு.