கொட்டாவி

லியேஜில் மழை. படத்திலும் மழை.
வெளியே பெய்தது தேவலை.

நூற்றாண்டின் தலைசிறந்த துப்பறியும் படம் என்று
டிக்கெட்டின் பின்புறத்திலேயே அச்சடித்திருந்தார்கள்.
பத்தாவது நிமிடம் எனக்குத் தெரிந்துவிட்டது,
கையுறை போட்ட அந்த நோட்டரிதான் கொலைகாரன்.
மீதி நூற்றுப் பத்து நிமிடமும்
எல்லோரும் சிகரெட் பற்றவைத்துக்கொண்டிருந்தார்கள்.
தீக்குச்சிகளை எண்ணினேன். நாற்பத்தொன்று.

நாற்பதுக்கும் நாற்பத்தொன்றுக்கும் நடுவில்
கொட்டாவி விட்டேன்.
திபோ திரும்பிப் பார்த்தான்,
ரத்தக்கறையோடு என்னைப் பிடித்துவிட்டவன் போல.

மியூஸ் ஆற்றுப் பாலம் முழுக்க விசாரணை:
அந்த மாடிப்படிக் காட்சிகூடவா?
நிழல்? அந்த நிழல்?
நிழல் நன்றாகத்தான் இருந்தது, ஐயா,
அது படியிறங்கி முடிப்பதற்குள்
என் கால் மரத்துப்போனது.

படத்தில் வரும் இன்ஸ்பெக்டர் அடிப்பதில்லை,
காபி வாங்கிக் கொடுத்தே கறந்துவிடுவார்.
இவன் உருளைக்கிழங்கு வறுவல் வாங்கினான்,
சூடாக, மயோனைஸ் தனியாக.
நானும் ஒப்புக்கொண்டேன்:
சரி, மகத்தான படம்தான்.
கையெழுத்து வேண்டுமா?

அவன் முகம் தெளிந்தது.
அங்கேயே நிறுத்தியிருக்கலாம்.
வாய் சும்மா இருந்தால்தானே.

"பிணவறையில் அந்தப் பிணம் கண் சிமிட்டியதே,
கவனித்தாயா?"

பதினொரு முறை பார்த்தவன்.
வறுவல் வாய்க்குப் போகும் வழியில் நின்றது.
மயோனைஸ் சட்டையில் சொட்டியது,
அவன் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"எந்தக் கண்?" என்றான்.

இடது.

வியாழக்கிழமை மறுபடி போகிறோம்.