கொட்டையில் ஒட்டியது

கொள்முதல் பிரிவு, இரண்டாம் மாடி.
ஜன்னலுக்குக் கீழே லாபொரெத்ஸ் ஆறு
மார்ச் மாதச் சேற்றோடு போகிறது.

என் வேலை பஞ்சு வாங்குவது.
நூற்கிற பஞ்சல்ல.
நூலுக்கு ஆவதை ஆலை உருவிக்கொண்ட பிறகும்
கொட்டையோடு ஒட்டிக் கிடக்குமே,
நகத்தால் கிள்ளினாலும் வராத குட்டை மயிர்,
அது.
அமிலத்தில் முக்கியெடுத்தால் வெடிமருந்து.
பஞ்சையும் நெருப்பையும் பக்கத்தில் வைக்காதே என்பார்கள்;
எங்கள் ஆலை இரண்டையும் ஒரே பொருளாக்கி
எடை போட்டு விற்கிறது.

எட்டு வருடம் முன்பு மூன்றாம் கூடத்தில்
ஒன்ட்ரே ஹ்ரிவ்னாக் காளான் வளர்த்தார். நல்ல காளான்.
இப்போது அங்கே மூன்று ஷிப்ட்,
காளான்காரர் அமிலத் தொட்டிக்கு மேற்பார்வை.
நகராட்சி நீச்சல்குளத்தை மூடிவிட்டார்கள்,
தண்ணீரைச் சூடாக்கக் காசில்லையாம்.
என் மகள் ஸ்லாவ்கா அங்கேதான் நீந்தக் கற்றாள்.
பாதி கற்றாள்.
மல்லாந்து மிதக்க மட்டும் தெரியும்.

தலைநகரத்திலிருந்து வந்தவர் கேன்டீனில் பேசினார்:
இரண்டு சதவீதம் மூன்றரை ஆகிறது, ஐந்தும் ஆகலாம்,
இனி இந்தக் கண்டம் சொந்தக் காலில் நிற்கும்.
கைதட்டினோம்.
புளித்த முட்டைக்கோஸ் சூப் ஆறிக்கொண்டிருந்தது.
காலைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது,
நான் செருப்பு வாங்குகிறவள்.

குண்டின் விட்டம் எல்லா நாட்டுக்கும்
நூற்றைம்பத்தைந்து மில்லிமீட்டர். காகிதத்தில்.
பக்கத்து நாட்டுப் பீரங்கி எங்கள் குண்டை
வாயில் வாங்கிக்கொள்ளும்;
அதன் கணினிக்கு எங்கள் மருந்தின் கணக்குத் தெரியாது.
கணக்கைச் சேர்க்க அவர்கள் கம்பெனி பணம் கேட்கிறது,
கணக்கைக் காட்ட எங்கள் கம்பெனி மறுக்கிறது,
பதினான்கு மாதமாகக் குழு கூடுகிறது.
ஊர் கூடித்தான் இருக்கிறது.
ஆளுக்கொரு தேர், ஆளுக்கொரு வடம்.

நேற்று கோகந்திலிருந்து மின்னஞ்சல்:
நான்கு கன்டெய்னர் தாமதம், கூடுதல் பரிசோதனை.
கூடுதல் பரிசோதனை என்றால்
யாரோ கூடுதல் விலை சொல்லியிருக்கிறார்.
அந்த யாரோ,
எங்கள் குண்டு எவரை நோக்கிப் போகிறதோ
அவராகவும் இருக்கலாம்.

போன் செய்தேன். தில்னவாஸ் எடுத்தாள்.
ஆறு வருடப் பழக்கம், முகம் பார்த்ததில்லை.
இருவரும் பள்ளியில் வேண்டாவெறுப்பாகக் கற்ற ரஷ்ய மொழி
இதற்குத்தான் உதவுகிறது.
"உண்மையைச் சொல்" என்றேன்.
"உண்மை மழைதான், பொஹுமிலா.
பறிக்கிற நேரத்தில் பெய்தது. பாதிப் பஞ்சு பழுப்பு.
வெள்ளையாக இருந்ததை எல்லாம்
நோட்டு அச்சடிக்கிறவர்கள் தூக்கிப்போய்விட்டார்கள்."

நோட்டு.
ஆமாம், யூரோவும் பஞ்சுதான்.
பர்ஸிலிருந்து ஒரு இருபதை எடுத்து
விரலிடையில் தேய்த்துப் பார்த்தேன்,
புடவைக் கடைக்காரன் மாதிரி.

மரக்கூழில் செய்யலாம் என்கிறது ஆய்வகம்.
சொந்த மலை, சொந்தக் காடு, சொந்த மரம்.
சான்றிதழ் வர நான்கு ஆண்டு.
எல்லை இங்கிருந்து நாற்பது கிலோமீட்டர்.
காற்று திரும்பினால் சைரன் கேட்கிறது என்கிறாள்
கீழ்வீட்டு யுத்மிலா.
எனக்குக் கேட்டதில்லை.
கேட்டுவிடுமோ என்று
ரேடியோவைக் கொஞ்சம் சத்தமாக வைக்கிறேன்.

இரவு, கோட்டைக் கழற்றும்போது
கைமடிப்பிலிருந்து வெள்ளையாய் எதுவோ உதிர்ந்தது.
பள்ளிப்பையை அடுக்கிக்கொண்டே ஸ்லாவ்கா கேட்டாள்,
"அம்மா, நாளைக்கு மழையா?"
போனைப் பார்த்துச் சொன்னேன்:
மேகமே இல்லை, பதினெட்டு டிகிரி, லேசான காற்று.
அவள் ஜன்னலைக் காட்டினாள்.
தெருவிளக்கடியில் தூறிக்கொண்டிருந்தது.

நான் பார்த்தது ஃபெர்கானா.
அங்கே விதைக்க இன்னும் மூன்று வாரம்.