வெண்டைக்காய் லோரி

வெண்டைக்காய் ஏற்றத்தான் வாங்கினார் அப்பா.
சுங்கை பாக்காப் சடக்கோரம் மூன்று ஏக்கர்,
பாதி களிமண், பாதி பேங்க் கடன்.

ஏறியதோ
கிரியான் பெருகிய இரவில் யூசோப் வீட்டு ஆடுகள்,
ஆ லெங்கின் அம்மா, அவள் விடாத சாய்வு நாற்காலி,
தண்ணீர்மலைக்குப் போகும் பால்குடங்கள்,
தமிழ்ப்பள்ளிக்கு நாற்பது மேசை.
ஒன்றுக்குக் கால் ஆடியது.
பசியாறாமல் உட்கார்ந்து ஆணி அடித்தார்.

"டீசலுக்கு யார் தந்தா?" என்பாள் அம்மா.
சட்டைப்பையைத் தட்டுவார்.
விதைப் பொட்டலம் சலசலக்கும்.

என் பரிசளிப்பு நாளன்று
சன்னாசி அண்ணே என்று யாரோ கூப்பிட,
யார் மனைவிக்கோ பிரசவ வலி.
மேடையிலிருந்து கதவையே பார்த்தேன்.
அந்தப் பிள்ளைக்கு இப்போது இருபத்தேழு.
சந்தையில் கண்டால்
இன்னும் எனக்குச் சுருக்கென்று ஒரு கோபம்.

ஒருமுறை எனக்காகவும் வந்தது.
கோலாலம்பூர் விடுதி வாசலில்
மெத்தையும் மின்விசிறியும் கயிற்றில் கட்டி,
விடியுமுன் புறப்பட்டு.
மெத்தையில் ஒட்டியிருந்த வெண்டை இலையை
தோழிகள் பார்க்குமுன் கிள்ளி எறிந்தேன்.

அவரை ஏற்ற
பட்டர்வொர்த்திலிருந்து குளிர்சாதன வண்டி.
லோரி பின்னால் வந்தது, காலியாக.
யூசோப்பின் மகன் ஓட்டினான்.
ஏனென்று ஒருவரும் கேட்கவில்லை.

திரும்பும்போது மழை.
எல்லோரும் அதில்தான் ஏறினோம்.
முன்சீட்டில் அந்தப் பிள்ளை.
என்னைப் பார்த்ததும் இறங்கி
பின்னால் போய் நனைந்தான்.