மூன்றெழுத்து வினை

க்ரிம்ஸ்பியில் ஒரு மீன் ஆலை, காலை ஐந்தே முக்கால்.
கையுறைக்குள் விரல்கள் இன்னும் எழவில்லை.
"கெட் அ மூவ் ஆன்" என்கிறார் டெரெக்.
சீக்கிரம் என்பதைத்தான் அப்படிச் சுற்றிச் சொல்கிறார்.
எதையோ எடுத்துவரச் சொல்வதாக நினைத்து
கிந்தாரே குளிர் அறைக்குள் ஓடுகிறாள்,
ஒரு பெட்டி ஹேடாக்குடன் திரும்பி வருகிறாள்.
யாரும் சிரிக்கவில்லை.
சிரித்திருக்கலாம்.

லிதுவேனியாவிலிருந்து கொண்டுவந்த அகராதியில்
அந்தச் சொல்லுக்கு மட்டும் நான்கு பக்கம்.
முதுகு பிளந்ததும் அங்கேதான்.

சம்பளச் சீட்டின் பின்புறம் குறித்து வைக்கிறாள்:
பேருந்தில் ஏறினாலும் கெட்
இறங்கினாலும் கெட்
கூடவே ஒரு குட்டிச் சொல் நின்று
வாலால் திசை காட்டுகிறது.
சளி பிடித்தால் கெட், இருட்டினால் கெட்,
கல்யாணம் அதுவே, வேலை போவதும் அதுவே.
போன மாதம் வாடகை தாமதமானபோது
வீட்டுக்காரர் வாசலில் நின்று சொன்னதும் அதுவே.
அதற்கு மட்டும் அகராதி தேவைப்படவில்லை.

இடைவேளையில் டெரெக்கின் ஜோக் முடிந்து
எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகு
அஸ்மாராக்காரன் தெஸ்ஃபாலெம் காதருகே வந்து
"டிட் யூ கெட் இட்?" என்கிறான்.
அவள் மேசையைப் பார்க்கிறாள், பையைத் துழாவுகிறாள்.
எதை?
எனக்கு யாரும் எதுவும் தரவில்லையே.

இதைத் தமிழில் எழுத எனக்குக் கொஞ்சம் கூச்சம்.
என் மொழியில் பெறுவது என்றால்
பிள்ளை பெறுவதும்தான்.
மற்றதெல்லாம் தானே வந்து சேரும்:
எனக்குக் கிடைத்தது, எனக்குப் புரிந்தது, எனக்குக் குளிர்ந்தது.
நான் ஓரமாக நிற்பேன்
வாக்கியம் நடந்து போகும்.
அந்த ஊரில் அப்படி நிற்க முடியாது.
இருட்டுவதற்குக்கூட
பொழுது எழுந்து கை நீட்ட வேண்டும்.

பக்கத்து வீட்டு பெரில்
கோழியும் லீக்கும் சேர்த்துச் சுட்ட பையுடன் வந்தாள்.
கிந்தாரேயின் தங்கை இறந்த செய்தி
அதற்குள் தெரு முழுக்கத் தெரிந்திருந்தது.
பெரிலின் கணவர் போய்ப் பதினோரு வருடம்;
அவருடைய செருப்பு இன்னும் ஹீட்டர் அடியில்.
"யூ டோன்ட் கெட் ஓவர் இட், லவ்.
யூ கெட் யூஸ்ட் டு இட்."

அவள் போனபின் சீட்டை எடுத்து எழுதினாள்.
ஓவர் என்றால் வேலி தாண்டுவது.
தாண்ட முடியாது, சரி.
யூஸ்ட்?
முனைக்கடையில், யாரோ உடுத்திக் கழித்த கோட்டுகளுக்கு மேல்
அந்தச் சொல் தொங்குவதைப் பார்த்திருக்கிறாள்.
துக்கம் பழையதாகுமா, நான் பழையவளாவேனா
என்று இரண்டு கோடு போட்டு
எதையும் நிரப்பாமல் விட்டாள்.
(பழைய, பழகிய. தமிழிலும்
அவை ஒரே தெருவில்தான் குடியிருக்கின்றன.
அவளிடம் சொல்ல எனக்கு வழியில்லை.)

திங்கட்கிழமை டெரெக் கேட்கிறார்,
கத்தி பட்ட கை எப்படி இருக்கிறது என்று.
"கெட்டிங் தேர்" என்கிறாள்,
நர்ஸ் சொன்னதை அப்படியே.
எங்கே என்று அவர் கேட்கவில்லை.
அடுத்த பெட்டி வருகிறது.
கட்டுப் போடாத கையால்
அவள் அதை இழுத்து நிறுத்துகிறாள்.