ஒன்பதாம் அத்தியாயம்

ஒற்றைப்படை அத்தியாயங்கள் எனக்கு,
இரட்டைப்படை யோகேந்திரனுக்கு என்று
நிபோங் திபால் ரயிலடிக்கு எதிரே
பாய் கடையில் பேசி முடித்தோம்.
தே தாரேவில் ஆடை படிந்துகொண்டிருந்தது.
கொலை எத்தனை, யார் கையால்,
பேய்க்கு முகம் உண்டா இல்லையா,
எல்லாம் ஒரு 555 நோட்டில் குறித்தோம்.
அவன் அப்பா மளிகைக்கடைக் கடனெழுதி
மிச்சம் வைத்துப்போன நோட்டு.
முதல் பக்கத்தில் இன்னும் இருக்கிறது:
சார்டின் இரண்டு, மண்ணெண்ணெய்,
பாக்கி நாலு வெள்ளி பத்துக் காசு.

"கெட்டது வெளியிலிருந்து வரணும்" என்றான்,
"மழை நாளில். பெயரில்லாமல்."
நான் கிரியான் ஆற்றைக் கொடுத்தேன்,
மின்மினி அப்பிய கரைமரங்களை,
படகுக்காரர் என்ஜினை நிறுத்தியதும்
தண்ணீருக்கடியில் யாரோ மூச்சை அடக்குவதை.
அவன் செம்பனைக் காட்டைக் கொடுத்தான்,
இரவு ஷிப்டு முடிந்து பிறையிலிருந்து வரும் பஸ்ஸில்
ஏறியவர்களைவிட ஒருவர் கூடுதலாய் இறங்குவதை.
எட்டு அத்தியாயம் வரை
சந்தோஷமாகப் பயந்தோம்.

ஒன்பது என் முறை.
அது எந்த வீட்டில் தங்கியிருக்கிறது என்று எழுத வேண்டும்.
கை தானாகப் பதினேழாம் எண்ணுக்குப் போனது.
பின்கட்டில் ஒரு தகரவாளி.
யாரோ அதைத் தட்டுகிறார்கள்.
மூன்று தட்டு. நிறுத்தம். இரண்டு.
அதற்குமேல் முடியாமல் கணினியை மூடினேன்.

காலையில் அவனிடமிருந்து பத்து வந்திருந்தது,
நான் ஒன்பதை அனுப்பும் முன்பே.
பத்தில் ஒரு வாளி.
மூன்று தட்டு.
நிறுத்தம்.
இரண்டு.

என் கோப்பைத் திறந்தாயா என்று கேட்டேன்.
இல்லை என்றான்.
கொஞ்ச நேரம் இரண்டு பக்கமும் மின்விசிறிச் சத்தம்.
பிறகு,
"உனக்கும் கேட்டுச்சா?"

எனக்கு ஒன்பது வயது. அவனுக்குப் பதினொன்று.
எங்கள் வீடு பதினைந்து, அவர்களுடையது பத்தொன்பது.
நடுவில் ஒரு பெரிய மனிதர்,
தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப்பந்தல் போடுகிறவர்,
பள்ளிக்கூட நிதிக்கு முதல் கை அவருடையது.
வேலைக்கு மேடானிலிருந்து ஒருத்தி வந்திருந்தாள்.
சுமியாத்தி.
ஒருமுறை வேலிக்கம்பி வழியாக ரம்புத்தான் தந்தாள்,
எறும்பைத் தட்டிவிட்டு, தோலையும் உரித்து.

தட்டும் சத்தம் வந்தால்
அப்பா டிவியைக் கூட்டி வைப்பார்.
அந்த வரிசை முழுக்க ஒரே செய்தி
ஒரே நேரத்தில் உரக்கப் படிக்கப்படும்.
அம்மா சாப்பிடு என்பாள்.
நான் சாப்பிட்டேன்.
அவன் வீட்டில் மிக்சியைப் போடுவார்களாம்,
உள்ளே அரைக்க ஒன்றும் இல்லாமல்.

ஒரு வெள்ளிக்கிழமை, ஊருக்குப் போய்விட்டாள் என்றார்கள்.
அவள் ஜப்பான் சிலிப்பர் பின்வாசலில்
அந்த மழைக்காலம் முழுக்க இருந்தது.
ஒரு தவளை அதில் உட்காரும்.

பேயை எடுத்துவிடலாமா என்றான் யோகேந்திரன்.
எடுத்தோம். ஆற்றை எடுத்தோம்.
பஸ்ஸிலிருந்து அந்த ஒருவரை இறக்கிவிட்டோம்.
நாவல் பாதியாக மெலிந்தது.
பயம் மட்டும் எடை குறையவில்லை.

நேற்று, நோட்டில் இடம் தீர்ந்து
கடைசி இரண்டு தாள்கள் ஒட்டியிருந்ததை நகத்தால் பிரித்தோம்.
அவன் அப்பாவின் கையெழுத்து.
அந்த வெள்ளிக்கு முந்தைய நாள் தேதி.
பதினேழாம் வீடு:
புது வாளி ஒன்று, சுண்ணாம்பு அரை மூட்டை.
ரொக்கம். பாக்கி இல்லை.

கடன் நோட்டில் ரொக்கத்தை ஏன் எழுதினார்?
கேட்க அவர் இல்லை.
அந்த வரியின் கீழே அழுத்தி ஒரு கோடு,
தாள் கிழிகிற அளவுக்கு.

இது யார் அத்தியாயம் என்று நான் கேட்கவில்லை.
அவனும் கேட்கவில்லை.
பேனா நடுவில் கிடந்தது.
பந்தாட்டம் தொடங்கிவிட்டதென்று
பாய் டிவியின் சத்தத்தைக் கூட்டினார்.
யோகேந்திரன் எழுந்தான்,

பணம் கொடுக்கத்தான்.